அட்டெண்டன்ஸ் நோட்டில் தெரியும் காய்ச்சல்

ப்ளே ஸ்கூலும் க்ரெஷும் நடத்தும் தாளாளர்களுக்கும், அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் மிஸ்களுக்கும், ஆயாம்மாக்களுக்கும்,



நான் சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். வேலையில் இருந்தபோது உங்களைப் போன்றவர்களின் கேட்டைத் தட்டியிருக்கிறேன். தண்ணீர்த் தொட்டியைத் திறந்து காட்டச் சொல்லியிருக்கிறேன். "ஹெல்த்துல இருந்து சார் வந்திருக்காரு" என்று உள்ளே ஒரு பதற்றக் குரல் போவதையும் கேட்டிருக்கிறேன். இப்போது என் கையில் நோட்டீஸ் புத்தகம் இல்லாததால் கொஞ்சம் நிதானமாகப் பேசலாம். பேச வந்தது உங்கள் அட்டெண்டன்ஸ் நோட்டைப் பற்றி.

ப்ரீ கே.ஜி.யில் இருபது பிள்ளைகள் என்று வையுங்கள். திங்கட்கிழமை இரண்டு பேர் வரவில்லை. புதனன்று நான்கு பேர், வெள்ளிக்கிழமை ஆறு பேர். ஒரு பிள்ளையை அப்பா வண்டியில் உட்கார வைத்துத் தெருமுனை டாக்டரிடம் கூட்டிப் போகிறார். இன்னொன்று ஆன்லைனில் டோக்கன் போட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறது. மூன்றாவதுக்கு, போன தடவை வாங்கிய சிரப்பே மெடிக்கல் ஷாப்பில் மறுபடி கிடைக்கிறது. நான்காவதைப் பாட்டி ஊருக்கே கொண்டுபோய்விட்டார்கள். தெருமுனை டாக்டருக்கு அந்த முதல் பிள்ளை ஒரு கேஸ். "வைரல்தான், ரெண்டு மூணு நாள்ல சரியாயிடும்" என்கிறார். அவர் சொன்னதில் தப்பில்லை. பெரிய ஆஸ்பத்திரி டாக்டருக்கும் ஒரே ஒரு கேஸ்தான். ஆனால் ஆறு பேரும் மத்தியானம் பக்கத்துப் பக்கத்தில் பாய் விரித்துத் தூங்கியவர்கள், ஒரே டப்பாவில் இருக்கும் பிளாஸ்டிக் கட்டைகளை மாற்றி மாற்றி வாயில் வைத்தவர்கள். இதை அறிந்தவர் ஊரிலேயே ஒருவர்தான். பெயர் கூப்பிட்டு அட்டெண்டன்ஸ் எடுக்கும் மிஸ்.

நம் நாட்டில் நோய்க் கண்காணிப்புக்கென்று ஒரு திட்டம் 2004 முதல் நடக்கிறது. அதில் மூன்று படிவங்கள். கிராம சுகாதார செவிலியரும் களப்பணியாளர்களும் சந்தேகப்படும் நோய்களை எழுதுவது எஸ் படிவம், மருத்துவர் நிரப்புவது பி படிவம், ஆய்வகம் உறுதி செய்தவை எல் படிவம். 2021 முதல் எல்லாமே கணினியில் ஏறுகின்றன. வரைபடத்தில் எந்த வட்டாரத்தில் என்ன காய்ச்சல் என்று புள்ளி விழும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் தனியார் ப்ளே ஸ்கூலில் இருந்து எழும் தகவலுக்கு அதில் நேர்வழி என்று ஒன்று இல்லை. பிள்ளை டாக்டரிடம் போய், டாக்டர் சந்தேகப்பட்டு, எழுதி அனுப்பினால்தான் உண்டு. இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் புள்ளி விழாது.

அங்கன்வாடியில் இந்தச் சிக்கல் குறைவு. தமிழ்நாட்டில் 54,000-க்கும் மேல் அங்கன்வாடி மையங்கள். அங்கே டீச்சருக்கும் கிராம சுகாதார செவிலியருக்கும் ஒருவரை ஒருவர் தெரியும். தடுப்பூசி போடவும் எடை பார்க்கவும் நர்சம்மா அங்கே வந்துபோகிறார். "ரெண்டு நாளா முருகன் வீட்டுப் பிள்ள வரலக்கா, மேலெல்லாம் பொரிப்பொரியா இருக்காம்" என்று பேச்சுவாக்கில் ஒரு வார்த்தை விழும். எந்தப் படிவமும் இல்லாமல் அந்த ஒரு வார்த்தை வேலையை முடித்துவிடும். மாதம் ஆயிரக்கணக்கில் கட்டணம் வாங்கும் ஏ.சி. ப்ளே ஸ்கூலுக்கு அந்த நர்சம்மா கிடையாது என்பதுதான் வேடிக்கை. கேட்டில் செக்யூரிட்டி நிற்கிறார், சுவரில் சி.சி.டி.வி. இருக்கிறது. பக்கத்துத் தெரு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தின் போன் நம்பர் மட்டும் யாரிடமும் இல்லை.

"நாங்க டாக்டரா சார், என்ன நோய்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்பீர்கள். தெரிய வேண்டாம். நோய்க்குப் பெயர் வைப்பது உங்கள் வேலையே அல்ல. எத்தனை பேர், என்ன வயது, எந்த அறை, முதல் பிள்ளைக்கு என்றைக்குத் தொடங்கியது, என்ன தெரிந்தது, இவ்வளவு போதும். இப்படி ஒரு செய்தி அனுப்பிப் பாருங்கள்:

"வணக்கம் மேடம். எங்கள் ப்ளே ஸ்கூலில் 34 குழந்தைகள். ப்ரீ கே.ஜி. அறையில் போன வியாழக்கிழமை முதல் இன்று வரை 5 குழந்தைகளுக்குக் காய்ச்சல், வாயில் புண், உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் சின்னக் கொப்புளம். எல்லாரும் மூன்று வயதுக்காரர்கள். ஒருவர் ஆஸ்பத்திரியில் சேர்ந்திருக்கிறார். மற்ற அறைகளில் இதுவரை இல்லை."

இதில் ஒரு மருத்துவச் சொல்கூட இல்லை. ஆனால் படிக்கிற செவிலியருக்குக் கை-கால்-வாய் நோய் என்று அந்த நிமிடமே பொறி தட்டிவிடும். நான் சர்வீஸில் இருந்தபோது இப்படி ஒரு தகவல் வந்திருந்தால் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருப்பேன். எங்களுக்குப் பெரும்பாலும் வந்தது, எல்லாம் முடிந்து பதினைந்து நாள் கழித்து, யாரோ ஒரு தகப்பன் கோபத்தில் எழுதிப்போடும் புகார் மனுதான்.

எப்போது சொல்வது? சாதாரணச் சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்றால் ஒரே அறையில் ஒரே வாரத்தில் இரண்டு மூன்று பேருக்கு மேல் போனால் சொல்லுங்கள். மஞ்சள் காமாலையோ பொன்னுக்கு வீங்கியோ இரண்டாவது பிள்ளைக்கு வந்தாலே சொல்லுங்கள். சிலவற்றுக்கு இரண்டாவது ஆள் வரும்வரை காத்திருக்கவே கூடாது. காய்ச்சலோடு உடம்பெல்லாம் சிவந்த தடிப்பு. தொண்டையில் வெண்படலமும் கழுத்து வீக்கமும். மூச்சு இழுத்து இழுத்து வாந்தியில் முடியும் கக்குவான் இருமல். நேற்று ஓடிய பிள்ளை இன்று கால் ஊன்ற முடியாமல் துவண்டு போவது. இவற்றில் எதுவானாலும் ஒரே பிள்ளை போதும், அன்றைக்கே போன் போட வேண்டும். தொண்டையில் அந்த வெண்படலம் வரும் தொண்டை அடைப்பானுக்குக் கொடுக்கும் எதிர்நஞ்சு மருந்து, நஞ்சு உடம்பின் திசுக்களைப் பற்றிக்கொண்ட பிறகு அதைப் பிரித்தெடுக்காது. அங்கே ஒரு நாள் தாமதம் என்பது உயிர்க்கணக்கு.

இனி அம்மைக்கு வருகிறேன். இதைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

தட்டம்மையானாலும் சின்னம்மையானாலும், நம் வீடுகளில் பலவற்றில் அது ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. வாசலில் வேப்பிலை செருகிவிடுவார்கள். பிள்ளையை வேப்பிலைப் படுக்கையில் கிடத்தி, இளநீரும் மோரும் கொடுத்து, தாளிக்காமல் சமைத்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாளை எண்ணிக்கொண்டிருப்பார்கள். வீட்டுக்கு வந்திருப்பது மாரியம்மா. அவளை நோய் என்று சொல்லி டாக்டரிடம் காட்டுவது பெரியவர்களுக்குச் சங்கடம். இந்த வழக்கத்தை நான் கேலி செய்யவில்லை. பிள்ளையைத் தனியே வைப்பது, வெளியாட்களை உள்ளே விடாதது, குளிர்ச்சியாகக் கொடுப்பது, இதிலெல்லாம் நம் பாட்டிமார்களின் அனுபவம் இருக்கிறது. ஆனால் இதன் விளைவு என்ன? தெருமுனை டாக்டருக்குத் தெரியாது, பெரிய ஆஸ்பத்திரிக்கும் தெரியாது, மூன்று படிவங்களில் ஒன்றிலும் ஏறாது. வெளியே தகவல் போவது ஒரே ஒரு இடத்துக்குத்தான். "மிஸ், பாப்பாவுக்கு அம்மா வார்த்திருக்கு. பத்து நாள் வரமாட்டா" என்று உங்கள் வாட்ஸ்அப்புக்கு.

பொது சுகாதாரத் துறை தேடிக்கொண்டிருக்கும் செய்தி உங்கள் போனில், இரண்டு குட்மார்னிங் படங்களுக்கு நடுவே கிடக்கிறது. பெரும்பாலான மிஸ்கள் "சரி அம்மா, பாத்துக்கோங்க" என்று கைகூப்பும் பொம்மை ஒன்றை அனுப்பிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறார்கள்.

அந்த இடத்தில் நின்று சில கேள்விகள் கேளுங்கள். "காய்ச்சல் முதல்ல வந்துச்சா? நீர்க்கொப்புளமா, சிவப்புத் தடிப்பா? கண்ணு சிவந்து இருமல் இருந்துச்சா?" கொப்புளமாக இருந்து பொருக்குத் தட்டினால் அது பெரும்பாலும் சின்னம்மை. இருமல், மூக்கொழுகல், கண் சிவப்பு என்று தொடங்கி, பிறகு முகத்தில் தடிப்பு வந்து கீழே இறங்கினால் தட்டம்மையாக இருக்கலாம், மணல்வாரி என்பார்களே அது. தடிப்பு வருவதற்கு நான்கு நாள் முன்பே அந்தப் பிள்ளை மற்றவர்களுக்குப் பரப்பத் தொடங்கிவிடுகிறது. அதாவது வெறும் சளி என்று நினைத்து நீங்கள் உள்ளே சேர்த்துக்கொண்ட நாட்களில். அந்தப் பிள்ளை அறையை விட்டுப் போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை கிருமி காற்றில் நிற்கும். ஜன்னல் திறக்காத ஏ.சி. அறையில் இது என்ன செய்யும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

இதிலும் ஒரு வாய்ப்பு இருக்கிறது. தட்டம்மை கண்ட பிள்ளையோடு இருந்த, தடுப்பூசி போடாத மற்றொரு பிள்ளைக்கு 72 மணி நேரத்துக்குள் ஊசி போட்டால் நோயே வராமல் தடுக்கலாம், வந்தாலும் கடுமை குறையும். பாட்டி தண்ணீர் ஊற்றி முடித்த பிறகு தகவல் வந்தால் அந்த 72 மணி நேரம் எப்போதோ போயிருக்கும். நோய் கண்ட பிள்ளைக்கும் வேலை உண்டு. வைட்டமின் ஏ இரண்டு நாள் தொடர்ந்து கொடுத்தால் கண் பாதிப்பும் உயிரிழப்பும் குறைகின்றன. அதற்காக வேப்பிலையைக் கழற்றச் சொல்லி எந்த நர்சம்மாவும் கேட்கமாட்டார். செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போய், அம்மாவைக் கும்பிட்டுவிட்டுச் சொட்டு மருந்தைக் கொடுத்துவிட்டு வந்த செவிலியர்களை எனக்குத் தெரியும்.

க்ரெஷ் நடத்துவோருக்குத் தனியாக ஒரு சொல். மகப்பேறு விடுப்பு 2017 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு 26 வாரம். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்துக்குக் குழந்தைகள் காப்பகம் கட்டாயம் என்றதும் அதே திருத்தம்தான். தாய் வேலைக்குத் திரும்பும்போது பிள்ளைக்கு ஆறு மாதம். தட்டம்மை-ரூபெல்லா முதல் ஊசி போடுவதோ ஒன்பது மாதம் முடிந்து. இடையில் மூன்று மாதம் அந்தப் பிள்ளைக்கு ஊசியின் பாதுகாப்பு கிடையாது. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தியும் அந்த வயதில்தான் கரைந்துகொண்டிருக்கும். சட்டம் உங்களிடம் ஒப்படைத்திருப்பது சரியாக அந்த மூன்று மாதத்துப் பிள்ளைகளை. எனவே பெரிய பிள்ளைகள் அறையில் ஒரு தடிப்புக் காய்ச்சல் என்றால், கைக்குழந்தைகள் அறைக்கு அது அடுத்த அறைச் செய்தி ஆகாது.

சேர்க்கையின்போது பிறப்புச் சான்றிதழ், ஆதார், நான்கு போட்டோ எல்லாம் வாங்குகிறீர்கள். தடுப்பூசி அட்டையின் நகலையும் வாங்கி, ஊசி விடுபட்ட பிள்ளைகளின் பெயர்களைத் தனித் தாளில் எழுதிவையுங்கள். சுகாதார ஆய்வாளர் வந்தால் முதலில் கேட்பது அதைத்தான். 2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா முகாம் நடந்தபோது வாட்ஸ்அப்பில் பறந்த வதந்தியை நம்பிப் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பாத பெற்றோர் இருந்தார்கள். சின்னம்மைக்கும் பொன்னுக்கு வீங்கிக்கும் அரசின் இலவச அட்டவணையில் ஊசி இல்லை. வசதி உள்ளவர்கள் தனியாரிடம் போட்டுக்கொள்கிறார்கள். எனவே ஒரே வகுப்பில் பாதிப் பேருக்கு ஊசி இருக்கும், பாதிப் பேருக்கு இருக்காது. யாருக்கு இல்லை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கை-கால்-வாய் நோயைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2022-ல் கேரளத்தில் கொல்லம் பக்கம் அது 'தக்காளிக் காய்ச்சல்' என்ற பெயரில் கிளம்பியபோது, வாளையார் சோதனைச் சாவடியில் நம் சுகாதாரக் குழுவினர் நின்று வண்டிகளில் வந்த பிள்ளைகளின் உடம்பைப் பார்த்தார்கள்.  அந்த நோய் அதற்கு முன்பும் பின்பும் நம் ப்ளே ஸ்கூல்களில் வந்துபோய்க்கொண்டுதான் இருக்கிறது. பெரும்பாலும் தானே சரியாகிவிடும். ஆனால் பிள்ளையின் மலத்தில் அந்தக் கிருமி வாரக்கணக்கில் இருக்கும் என்பதால், டயப்பர் மாற்றுகிற கைதான் முக்கியமான பாதை. வாசலில் வைத்திருக்கும் சானிடைசர் இந்தக் கிருமியை அவ்வளவாக ஒன்றும் செய்யாது. சோப்பும் ஓடும் தண்ணீரும் வேண்டும், பொம்மைகளுக்கும் தரைக்கும் ப்ளீச்சிங் கரைசல் வேண்டும். தகவல் சொன்னால் இதையெல்லாம் நேரில் வந்து காட்டிக் கொடுப்பார்கள். யூடியூப் பார்த்துக் கலக்கிக் கண்ணெரிச்சல் வாங்க வேண்டியதில்லை.

சரி, ஏன் சொல்லத் தயங்குகிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். அட்மிஷன். ஒரு பெற்றோர் குரூப்பில் போட்டால் மறுநாள் நான்கு பேர் டி.சி. கேட்பார்கள், எதிர்த்தெருக்காரர் "எங்ககிட்ட அந்தப் பிரச்சினையெல்லாம் இல்ல" என்று பேனர் கட்டுவார். வாடகை, மிஸ்களின் சம்பளம், வேன் டியூ எல்லாம் அந்த இருபது முப்பது பிள்ளைகளின் கட்டணத்தில்தான் ஓடுகிறது. இந்தப் பயத்தை அற்பம் என்று சொல்லமாட்டேன். ஆனால் மறைத்தால் குரூப்பில் வராது என்றா நினைக்கிறீர்கள்? இரண்டு அம்மாக்கள் கிளினிக் வாசலில் சந்தித்துக்கொண்டால் போதும். அப்போது அவர்கள் பேசுவது காய்ச்சலைப் பற்றியாக இருக்காது, "நம்மகிட்ட மறைச்சுட்டாங்க" என்பதைப் பற்றியாக இருக்கும். நீங்களே முந்திக்கொண்டு, எந்தப் பிள்ளையின் பெயரும் இல்லாமல், "இந்த அறையில் இத்தனை பேருக்கு இந்த அறிகுறி, சுகாதார நிலையத்துக்குத் தெரிவித்துவிட்டோம், வீட்டில் இதைக் கவனியுங்கள்" என்று போட்டுப் பாருங்கள். பெற்றோர் நாம் நினைப்பதைவிட நிதானமானவர்கள்.

இரண்டாவது பயம் எங்கள் துறைமீது. இதில் உங்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. காய்ச்சல் என்று போன் செய்த ஒரு காப்பகத்துக்குப் போன குழு, பிள்ளைகளைப் பார்ப்பதற்கு முன்பே பூந்தொட்டியைக் கவிழ்த்துக் கொசுப்புழு தேடி, கையோடு அபராதம் போட்டுவிட்டு வந்ததை அறிவேன். போட்டோ எடுத்துப் பத்திரிகைக்குக் கொடுத்த அதிகாரியையும் அறிவேன். இந்த மடல் இப்போது பணியில் இருக்கும் என் தம்பிகள் கண்ணிலும் படும் என்பதால் சொல்கிறேன்: தானாக முன்வந்து சொன்னவரைத் தண்டித்தால், அந்தத் தெருவில் அடுத்த பத்து வருடத்துக்கு யாரும் வாய் திறக்கமாட்டார்கள். அபராதப் புத்தகத்தை ஜீப்பிலேயே விட்டுவிட்டு உள்ளே போங்கள்.

உள்ளபடி நடப்பது என்ன? செவிலியரும் ஆய்வாளரும் வருவார்கள். பிள்ளைகளின் வயது, தெரு, நோய் தொடங்கிய நாள் என்று ஒரு பட்டியல் எழுதுவார்கள். தடுப்பூசி அட்டைகளைச் சரிபார்ப்பார்கள். வயிற்றுப்போக்கு என்றால் குழாய்த் தண்ணீரில் இரண்டு சொட்டு மருந்து விட்டுக் குளோரின் இருக்கிறதா என்று நிறத்தைப் பார்ப்பார்கள், குழாய் உடைந்து சாக்கடை கலந்திருந்தால் தெருவுக்கே தெரியவரும். தட்டம்மைச் சந்தேகம் என்றால் ரத்த மாதிரி எடுத்துக் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் போன்ற ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். எந்தப் பிள்ளை எத்தனை நாள் வீட்டில் இருக்க வேண்டும் என்று சொல்வார்கள். தட்டம்மைக்குத் தடிப்பு வந்து நான்கு நாள், பொன்னுக்கு வீங்கிக்கு வீக்கம் தொடங்கி ஐந்து நாள், சின்னம்மைக்குக் கொப்புளம் எல்லாம் பொருக்காகும் வரை. "எப்போ அனுப்பலாம்?" என்று பெற்றோர் நச்சரிக்கும்போது, "ஹெல்த்துல சொல்லியிருக்காங்க" என்பது உங்களுக்கும் ஒரு பிடிமானம். கட்டிடத்துக்குப் பூட்டுப் போடுவது வழக்கமே அல்ல.

சட்டத்தைச் சொல்லி மிரட்ட எனக்கு விருப்பமில்லை. ஆனால் 1939-ல் அன்றைய சென்னை மாகாணம் கொண்டுவந்த பொது சுகாதாரச் சட்டம் இன்றும் தமிழ்நாட்டில் நடப்பில் இருக்கிறது. நோய்களைத் தெரிவிப்பதும் தடுப்பதும் அதில் ஒரு தனி அத்தியாயம். அதைவிட, தகவல் சொல்வதன் மதிப்புக்கு எனக்குப் பிடித்த உதாரணம் போலியோ. பதினைந்து வயதுக்குள் எந்தப் பிள்ளைக்குத் திடீரென்று கை காலில் பலமிழப்பு வந்தாலும், அது போலியோவாக இருக்க வாய்ப்பே இல்லை என்று டாக்டருக்குத் தோன்றினாலும், தகவல் சொல்ல வேண்டும். பதினான்கு நாளுக்குள், ஒரு நாள் இடைவெளி விட்டு இரண்டு மல மாதிரி எடுத்து அனுப்ப வேண்டும். அனுப்பியவற்றில் மிகப் பெரும்பாலானவை போலியோ இல்லை என்றுதான் வந்தன. இயற்கையில் பரவும் போலியோ வைரஸால் இந்தியாவில் பாதிக்கப்பட்ட கடைசி நோயாளி, மேற்கு வங்கத்தின் ஹௌராவில் 2011 ஜனவரி 13 அன்று நோய் தொடங்கிய சிறுமி. அதன்பிறகும் தகவல்கள் வந்துகொண்டே இருந்தன. அப்படி வந்ததால்தான் "இல்லை" என்பதை நம்ப முடிந்தது, 2014 மார்ச் 27-ல் சான்றிதழ் கிடைத்தது. ஆக, நீங்கள் சொல்லி, கடைசியில் ஒன்றுமில்லை என்று ஆனாலும் அது வீண் அலைச்சல் அல்ல. எந்த நல்ல ஆய்வாளரும் அதற்காகச் சலித்துக்கொள்ளமாட்டார்.

யாரிடம் சொல்வது? நகரம் என்றால் உங்கள் வார்டுக்குரிய நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம், கிராமம் என்றால் கிராம சுகாதார செவிலியர் அல்லது ஆரம்ப சுகாதார நிலையம். யாரும் எடுக்கவில்லையென்றால் 104. காய்ச்சல் சீசன் வரும்வரை காத்திருக்காமல் இந்த வாரமே ஒரு மிஸ்ஸை அனுப்பிச் செவிலியரின் பெயரையும் நம்பரையும் வாங்கி வரச் சொல்லுங்கள். முடிந்தால் பேரண்ட்ஸ் மீட்டிங் ஒன்றுக்கு அவரைக் கூப்பிட்டு ஒரு டீ கொடுங்கள்.

உங்கள் ஊழியர்களையும் கணக்கில் சேருங்கள். மிஸ்களில் பலர் இளம் பெண்கள், சிலர் கர்ப்பிணிகள். பிள்ளையைக் கூட்டிப்போக வரும் அம்மாக்களிலும் வயிற்றில் இரண்டாவதைச் சுமப்பவர்கள் உண்டு. ரூபெல்லா முதல் மூன்று மாதத்தில் தாய்க்கு வந்தால் வயிற்றுப் பிள்ளையின் கண், காது, இதயம் மூன்றையும் கெடுக்கக்கூடும். சின்னம்மையும் கர்ப்பிணிக்கு நல்லதல்ல. அறையில் தடிப்புக் காய்ச்சல் என்றதும் அவர்களை முதலில் தனியே கூப்பிட்டுச் சொல்லி, அன்றைக்கே டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆயாம்மா விஷயம் இன்னொன்று. காலையிலிருந்து மூன்று தடவை வயிற்றாலே போன ஆயாம்மா, லீவு போட்டால் அன்றைய சம்பளம் போய்விடும் என்று வந்து நிற்பார். அதே கையால் சுண்டல் ஊட்டுவார், கால் கழுவி விடுவார், மூக்கைத் துடைப்பார். அட்டெண்டன்ஸ் நோட்டில் பிள்ளைகளின் பெயருக்குக் கீழே அவருடைய பெயரையும் எழுதுங்கள். வயிற்றுப்போக்கு நின்று இரண்டு நாள் ஆகும்வரை சம்பளத்தோடு லீவு கொடுங்கள். செவிலியருக்குச் செய்தி அனுப்பும்போது அந்த எண்ணிக்கையில் அவரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர் ஒருவர்